மாடி போர்ஷன் காலி இல்லை

ஆவடியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். டாங்க் ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனால் சுடச்சுட பஜ்ஜி கிடைக்கும். கூடவே அரசியலும் கிடைக்கும். இரண்டுமே கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

சமீபத்தில் அப்படிப் போயிருந்தபோது, ஹாலில் டி.வி. முன்னால் அவருடைய பேத்தி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாலாங்கிளாஸ் படிக்கிற பெண். முதல் நாள் ஏதோ ஜப்பான் கார்ட்டூன் பார்த்திருக்கிறாள். ‘மை நெய்பர் டொட்டோரோ’. யானை சைஸில் பூனை மாதிரி ஒரு பிராணி வரும், குழந்தைகளை வயிற்றில் படுக்கவைத்துக்கொள்ளும். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதே கம்பெனி எடுத்த இன்னொரு படமும் அந்தப் பென் டிரைவில் இருந்திருக்கிறது. பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். “கார்ட்டூன்தானே, பாரு” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பஜ்ஜி போடப் போய்விட்டார்.

நாங்கள் இருவரும் பால்கனியில் உட்கார்ந்து நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறது. தேம்பல்கூட இல்லை, தண்ணீர் மட்டும் வழிகிறது. நண்பர் பதறிப்போய் டி.வி.யை அணைத்தார். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“தாத்தா... அந்த அத்தையை ஏன் போலீஸ் பிடிக்கலை?”

*

அந்தப் படம் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’. மின்மினிகளின் கல்லறை. ஐசாவோ தகாஹாட்டா இயக்கி 1988 ஏப்ரல் 16-ல் ஜப்பானில் வெளிவந்தது. இதில் ஒரு வேடிக்கை, டொட்டோரோவும் அதே நாளில், அதே டிக்கெட்டில், இரட்டைக் காட்சியாகத்தான் வந்தது. ஒன்றைப் பார்த்துச் சிரித்த கையோடு இன்னொன்றைப் பார்த்து அழுதிருக்கிறார்கள் ஜப்பான் குழந்தைகள். ஆவடியில் நடந்ததும் அதுதான், ஒரு நாள் இடைவெளியில்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1945-ம் வருடம். கோபே நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போடுகின்றன. மர வீடுகள், ஊரே எரிகிறது. பதினாலு வயது செய்தா, நாலு வயது செத்சுகோ. அண்ணன், தங்கை. அப்பா கடற்படையில். அம்மா தீயில் வெந்து செத்துப்போகிறாள். குழந்தைகள் தூரத்து உறவில் ஓர் அத்தை வீட்டுக்குப் போகிறார்கள். அத்தை சேர்த்துக்கொள்கிறாள். அவர்கள் கொண்டுவந்த சாமான்களையும் சேர்த்துக்கொள்கிறாள். அம்மாவின் பட்டுக் கிமோனோக்களை விற்று அரிசி வாங்குகிறாள். கொஞ்ச நாளில் பேச்சு மாறுகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோறு, சும்மா இருப்பவர்களுக்குக் கஞ்சி. அண்ணனுக்கு ரோஷம் வந்து, தங்கையை அழைத்துக்கொண்டு குளத்தங்கரையில் கைவிடப்பட்ட ஒரு பதுங்குகுழிக்குக் குடிபோகிறான். அங்கே பசியில் தங்கை சாகிறாள். பிறகு, ஒரு ரயில் நிலையத்தின் தூணோரம், அவனும்.

இதில் கவனியுங்கள். அந்த இரண்டு குழந்தைகளும் குண்டிலிருந்து தப்பித்துவிட்டார்கள். செத்சுகோ செத்துப்போகும்போது யுத்தமே முடிந்துவிட்டது. அவளைக் கொன்றது விமானம் இல்லை. ஒரு சமையலறை, ஒரு விவசாயி, ஒரு டாக்டர். அந்த டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு, நல்ல சத்தான ஆகாரம் கொடு என்கிறார். ஆகாரத்துக்கு எங்கே போவான்? அதை அவர் சொல்லவில்லை. அடுத்த பேஷன்டைக் கூப்பிடுகிறார்.

நாலாங்கிளாஸ் குழந்தைக்கு இது புரிந்திருக்கிறது. விமானத்தில் வந்து குண்டு போட்டவனை ஏன் பிடிக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவன் முகம் படத்தில் வருவதே இல்லை. அத்தைக்குத்தான் முகம் இருந்தது. கையில் கரண்டியும் இருந்தது.

*

அத்தை பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ரேஷனில் கொடுக்கிற அரிசி அவள் வீட்டுக்கே போதவில்லை. வயசுப் பெண் வேலைக்குப் போய்வருகிறாள். குடித்தனம் இருப்பவர் ஒருவருக்கும் வடித்துக் கொட்ட வேண்டும். வந்த பையனோ நாள் முழுக்கத் தங்கையோடு விளையாடுகிறான், ஒரு வேலைக்கும் உதவவில்லை. அவள் யாரையும் அடிக்கவில்லை. வீட்டை விட்டுப் போ என்றுகூட வாய் திறந்து சொல்லவில்லை. கணக்குப் பார்த்தாள், அவ்வளவுதான். இந்தியத் தண்டனைச் சட்டத்திலோ, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலோ தேடிப் பாருங்கள். ‘கணக்குப் பார்த்தல்’ என்ற குற்றம் எந்தப் பிரிவிலும் இல்லை.

இயக்குநர் தகாஹாட்டாவுக்கு இது தெரிந்திருக்கிறது. படம் வந்த சமயத்திலேயே ஒரு பயத்தைச் சொன்னார். காலம் இன்னும் மாறினால் ஜனங்கள் அந்தப் பையனைக் குறைசொல்லிவிட்டு, அத்தை பக்கம் போய் நின்றுகொள்வார்களோ என்பது அவருடைய பயம். அது பலித்துவிட்டது. இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்கிற பலர், ‘அத்தை சொன்னதில் என்ன தப்பு? பையனுக்குத் திமிர், வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பான்’ என்கிறார்கள். வயது ஏற ஏற நமக்கே அப்படித்தான் தோன்ற ஆரம்பிக்கிறது. நாம் வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம் அல்லவா!

இந்தக் கதையை எழுதியவர் அகியுகி நோசாகா. 1967-ல் சிறுகதையாக எழுதினார். அது பாதி அவருடைய சொந்தக் கதை. கோபே தீக்குண்டு வீச்சில் வளர்ப்புத் தந்தையை இழந்தவர். குழந்தையாக இருந்த தங்கை பட்டினியில் செத்தது அவர் கையில். ஆனால் கதையில் வருகிற செய்தா மாதிரி தான் நல்ல அண்ணனாக இல்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். தங்கைக்கு வைத்திருந்த ஆகாரத்தைத் தானே தின்றிருக்கிறார். பசி. அவருக்கும் பதினாலு வயதுதான். தான் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி ஓர் அண்ணனைக் கதையில் படைத்து, செத்துப்போன தங்கையிடம் மன்னிப்புக் கேட்டார். 2015-ல் அவர் இறக்கும்வரை அந்தக் கணக்கு அவருக்குத் தீரவில்லை.

ஆக, கரண்டி அத்தை கையில் மட்டும் இல்லை.

*

இன்னொரு விஷயம் உங்களை ஆச்சரியப்படுத்தலாம். உலகமே ‘யுத்த எதிர்ப்புப் படம்’ என்று தலையில் வைத்துக் கொண்டாடிய இந்தப் படத்தை, இது யுத்த எதிர்ப்புப் படம் இல்லை என்று மறுத்துக்கொண்டே இருந்தவர் அதை எடுத்த தகாஹாட்டாதான்!

ஏதோ தன்னடக்கம் என்று நினைக்காதீர்கள். அவரே குண்டுவீச்சில் பிழைத்தவர். 1945 ஜூன் 29, ஒகயாமா நகரம் எரிந்தபோது அவருக்கு ஒன்பது வயது. எரிகிற தெருவில் அக்காவோடு ஓடியவர். 2018-ல் இறப்பதற்குச் சில வருடம் முன்னால் அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: இப்படிப்பட்ட சோகத்தைக் காட்டி யுத்தத்தைத் தடுத்துவிட முடியாது. ஏனென்றால், அடுத்த யுத்தத்தை ஆரம்பிக்கப்போகிற தலைவனும் இதே சோகத்தைத்தான் காட்டுவான். ‘பார்த்தீர்களா, நம் குழந்தைகளுக்கு இன்னொரு முறை இந்தக் கதி வரக் கூடாது, அதனால்தான் சண்டைக்குப் போகிறோம்’ என்பான்.

யோசித்துப் பாருங்கள், பகீர் என்கிறது. நம் கண்ணீர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடும். ஜப்பானில் முதன்முதலில் வந்த முழுநீள கார்ட்டூன் படம் எது தெரியுமா? ‘மோமோதாரோ’. 1945 ஏப்ரலில், அந்த நாட்டுக் கடற்படை காசு கொடுத்து எடுக்கவைத்தது. கொழுகொழு கரடிக்குட்டியும் குரங்குக்குட்டியும் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு யுத்தத்துக்குப் போகும். குழந்தைகளுக்காகக் குழந்தைகள் பாணியில் எடுத்த யுத்தப் பிரசாரம். அதே பேப்பர், அதே பென்சில்!

நம் தமிழ் அனுபவமும் வேறு மாதிரி இல்லை. செத்துப்போன குழந்தைகளின் படங்களைக் காட்டித்தான் ஈழத்தில் உயிரோடிருந்த குழந்தைகளின் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். அதே குழந்தைகளைக் காரணம் காட்டித்தான் எதிர்ப்பக்கம் ஷெல்லும் அடித்தார்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார். ஆவடிக்காரர் இல்லையா. 1960களில் விஜயந்தா டாங்கியில் ஆரம்பித்தது அந்த ஊர். இவர் காலத்தில் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். மற்ற ஊர்களில் ஆயுத பூஜை என்றால் ஸ்பேனருக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைப்பது. ஆவடியில் அந்தச் சொல்லுக்கு நேரடி அர்த்தமே உண்டு.

“முப்பத்தஞ்சு வருஷம் போல்ட்டு முடுக்கினேன்பா. அது எங்க போய் யாரைச் சுட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் சரியா முடுக்கலைன்னா எல்லையில உள்ள உட்கார்ந்திருக்கிற நம்ம பையன் செத்திருப்பான். அது தெரியும். இப்ப நான் நல்லவனா, கெட்டவனா சொல்லு.”

எனக்குப் பதில் தெரியவில்லை. டாங்கி வேண்டுமா, வேண்டாமா என்பது ஒரு பக்கக் கட்டுரையில் தீர்கிற சமாசாரம் இல்லை. அதை முடிவு பண்ணுகிற மேஜையில் என்னையும் அவரையும் யாரும் கூப்பிட்டு உட்காரவைக்கப்போவதும் இல்லை.

ஆனால், குழந்தை கேட்டது டாங்கியைப் பற்றி இல்லையே. அத்தையைப் பற்றி. அந்த மேஜை நம் வீட்டிலேயே இருக்கிறது.

*

என் பாட்டி ஒரு கதை சொல்வார்.

1942 ஏப்ரல். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரெல்லாம் பீதி. அவசியமில்லாதவர்கள் ஊரைக் காலி பண்ணிப் போகலாம் என்று கவர்மென்ட்டே சொல்லிவிட்டது. பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் ரயில் ரயிலாகக் கிளம்பினார்கள். அதற்கு ‘எவாக்குவேஷன்’ என்று பெயர். கடைசியில் 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் ராத்திரியில் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி. ஆனால் அந்த ஏப்ரலில் மெட்ராஸ் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது என்பார் பாட்டி.

பெரம்பூரில் இருந்த எங்கள் தாத்தா, பாட்டியையும் மூன்று குழந்தைகளையும் ரயிலேற்றி அரக்கோணம் பக்கத்தில் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பினார். அந்த ரயில் இதே அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போயிருக்கும். அந்த மூன்றில் ஒன்று, ஆறு வயதுப் பையன், என் அப்பா.

“ஒரு வாரம் தாங்கினாங்கடா. அப்புறம் பார்க்கணுமே! கஞ்சி ஊத்தும்போது அவங்க பசங்களுக்கு அடியிலேருந்து மொண்டு ஊத்துவா என் நாத்தனா. எங்களுக்கு மேலாக்க. பருக்கை அடியிலதானே இருக்கும்? உங்கப்பன் தட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான்.”

பாட்டி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். மூன்று மாதத்தில் அவர்கள் மெட்ராஸுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். குண்டே பரவாயில்லை என்று தோன்றிவிட்டதாம். பாட்டியின் நாத்தனார் யார்? என் அப்பாவுக்கு அத்தை.

ஜப்பான்காரன் போடப்போகிற குண்டுக்குப் பயந்து ஓடிய என் அப்பாவும், அமெரிக்காக்காரன் போட்ட குண்டுக்கு ஓடிய அந்த ஜப்பான் பையனும், மூன்று வருட இடைவெளியில், அத்தை வீட்டுக் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் அப்பா பிழைத்தார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

*

இப்போது நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாடே கொந்தளித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அம்பத்தூரில் எங்கள் வீட்டில் அப்பா ரேடியோ முன்னால் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஊர்வலத்துக்குப் போனார். ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். ராமேஸ்வரத்தில் வந்து இறங்குகிறவர்களைப் பற்றிப் பேப்பரில் வந்ததையெல்லாம் கத்தரித்து வைத்தார்.

1990-ல் மறுபடி யுத்தம். மறுபடி படகுகள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். எங்கள் மாடி போர்ஷனுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஓர் அம்மா, அவருடைய தாயார், இரண்டு குழந்தைகள். பையனுக்கு எட்டு, பெண்ணுக்கு ஐந்து இருக்கும். கணவர் வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அட்வான்ஸில்கூடக் குறைத்துக்கொண்டார். அந்தப் பாட்டியை ‘அம்மம்மா’ என்று அந்தக் குழந்தைகள் கூப்பிடுகிற அழகைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

1991 மே 21. ஸ்ரீபெரும்புதூர். பூந்தமல்லியைத் தாண்டி அதே பெங்களூர் ரோட்டில் போனால் வருகிற ஊர். ராஜீவ் காந்தியோடு அங்கே இன்னும் எத்தனையோ பேர் செத்தார்கள். போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மறுநாள் காலையிலிருந்து ஊர் வேறு ஊராகிவிட்டது. முகாமுக்கு வெளியே இருக்கிற இலங்கைத் தமிழர்கள் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு பண்ண வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர்கள் விவரம் கொடுக்க வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, ‘எதுக்கு சார் வம்பு’ என்றார். எதிர் வீட்டில் பேச்சை நிறுத்தினார்கள். பூந்தமல்லியிலேயே சிறப்பு முகாம் என்று ஒன்று இருக்கிறது, சந்தேகம் வந்தால் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் பயம் பொய்யில்லை. அதை இப்போதும் சொல்வேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் அப்பா மாடிக்குப் போனார். “என் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம்மா. போர்ஷன் தேவைப்படுது” என்றார். எந்தக் கல்யாணமும் இல்லை. அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்கே நாளில் காலி பண்ணினார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. விவரம் தெரியாத பையன் இல்லை. அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டிகளைக் கீழே இறக்கி ஆட்டோவில் வைத்துக் கொடுத்தேன். பெரிய உதவி! கிளம்பும்போது அந்த அம்மா என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார்.

“தம்பி, இந்த மாசக் கரண்ட் காசு. மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டனான். எண்ணிப் பாருங்கோ.”

எண்ணினேன். சரியாக இருந்தது. அட்வான்ஸை அப்பா முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஒரு பைசா பாக்கி இல்லை. அவ்வளவு சுத்தமான கணக்கு!

போர்ஷன் அதற்கப்புறம் ஐந்து மாதம் சும்மாவே கிடந்தது. ‘டு லெட்’ போர்டு எழுதியது நான்தான்.

1983-ல் அழுத அதே அப்பா. 1942-ல் அத்தை வீட்டுக் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே அப்பா. அழுதவருக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று சொல்ல முடியுமா? பசித்தவருக்குப் பசி தெரியாது என்று சொல்ல முடியுமா? இரண்டும் இருந்தது. மாடிப்படி ஏறும்போது இரண்டும் உதவிக்கு வரவில்லை.

கண்ணீர் ஒருவரை நல்லவராக்கிவிடும் என்று நான் நம்பாததற்கு இதுதான் காரணம். படத்தில் வருகிற குழந்தைக்காக அழும்போது நாம் குழந்தையின் இடத்தில் நிற்கிறோம். நிஜத்தில் ஒரு குழந்தை படியேறி வரும்போது நாம் வீட்டுக்காரர் இடத்தில் நிற்கிறோம். இடம் மாறிவிட்டது நமக்கே தெரிவதில்லை.

*

2009 ஏப்ரல் 8-ம் தேதி வன்னியில், பொக்கணை என்ற இடத்தில், பால்மாவுக்காக வரிசையில் நின்ற பெண்கள், குழந்தைகள் மேல் ஷெல் விழுந்தது. நாம் பால் பவுடர் என்கிறோமே, அதுதான் அவர்களுக்குப் பால்மா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். அடுத்த மாதம் எல்லாம் முடிந்தது. முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் குடித்த உப்புக் கஞ்சியை இன்றும் ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அதில் அடியில் மொண்டாலும் பருக்கை அதிகம் வராது.

அந்த மே மாதத்தில் ஒரு நாள் டி.வி.யில் நியூஸ் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு எழுபத்துமூன்று வயது. திடீரென்று எழுந்து டி.வி.யை அணைத்தார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

“கரண்ட் காசு கொடுத்துட்டுப் போச்சுடா அந்தப் பொண்ணு.”

பதினெட்டு வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். அப்புறம் பேசவே இல்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

*

எல்லோரும் கதவை மூடிவிடுகிறார்கள் என்று சொல்லி உங்களைத் தப்பிக்கவிட எனக்கு இஷ்டமில்லை. திறந்தவர்களும் இருக்கிறார்கள்.

1942-ல், எங்கள் பாட்டி ரயிலேறிய அதே வருடம், யுத்தத்தில் அநாதையாகிச் சோவியத் ரஷ்யாவில் அலைந்துகொண்டிருந்த போலந்துக் குழந்தைகளை எந்த நாடும் லேசில் சேர்த்துக்கொள்ளவில்லை. குஜராத்தில் நவநகர் சமஸ்தானத்து ஜாம் சாகேப் அவர்களில் நூற்றுக்கணக்கானவர்களை வரவழைத்து, பாலாச்சடி என்ற கடலோர ஊரில் தங்கவைத்து வளர்த்தார். இன்றும் வார்சா நகரத்தில் ஒரு சதுக்கத்துக்கு ‘நல்ல மகாராஜா’ என்று அவர் நினைவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர் மகாராஜா, அரண்மனை இருந்தது, என்கிறீர்களா? சரி, இன்னொரு கார்ட்டூன் படத்தைச் சொல்கிறேன். ‘பேர்ஃபுட் கென்’, 1983. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதில் பிழைத்த கெய்ஜி நாகசாவா, தன் வாழ்க்கையை வைத்து வரைந்த சித்திரக்கதையின் படம். அதில் அப்பா, அக்கா, தம்பி எல்லோரும் எரிந்துபோக, கென்னும் அவன் அம்மாவும் கைக்குழந்தையோடு ஒரு குடிசையில் கிடக்கிறார்கள். இருக்கிற பிடி அரிசியைத் திருட ஒரு பொடியன் வருகிறான். யாருமில்லாத பையன். பார்ப்பதற்குச் செத்துப்போன தம்பி மாதிரியே இருக்கிறான். அந்த அம்மா என்ன பண்ணுகிறாள் தெரியுமா? அவனையும் உட்காரவைத்துவிடுகிறாள். இனி நீயும் இங்கேதான்.

அவளிடம் அத்தையைவிட அரிசி குறைவு. கணக்குப் போட்டால் அவளுக்குத்தான் மறுக்க ஆயிரம் நியாயம். அவள் அழுதுகொண்டுகூட நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

யுத்தத்தை நிறுத்துகிற சக்தி எனக்கோ உங்களுக்கோ இல்லை. ஆனால் எல்லா யுத்தமும் முதலில் கொல்வது பாதி, மிச்சத்தைக் கடைசியில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறது. அந்த மிச்சத்தை முடித்துவைப்பதா, வேண்டாமா என்பது மட்டும் நம்மிடம் கேட்கப்படுகிறது. போனில் கேட்பார்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும், ஊர் வேறாக இருக்கும், ஆதார் இருக்காது. ‘சார், மாடி போர்ஷன் காலியா இருக்கா?’

*

ஆவடிக்கு மறுபடி போகிறேன்.

“அந்த அத்தையை ஏன் போலீஸ் பிடிக்கலை?” என்று கேட்ட குழந்தைக்கு நண்பர் ஏதோ சமாதானம் சொல்லிப்பார்த்தார். அது பொம்மைப் படம்மா, நிஜமில்லை என்றார். அவள் நம்பவில்லை. என்னையும் அவள் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறாள், தலைமுடியைப் பார்த்தால் வேறு வழியில்லை. “நீங்க சொல்லுங்க தாத்தா” என்றாள்.

போலீஸ் பிடிக்கிற தப்பு வேறு, இது வேறு என்று சொன்னேன். வேறுன்னா என்ன என்றாள். சரி என்று எங்கள் மாடி போர்ஷன் கதையைச் சொன்னேன். கல்யாணம் என்று பொய் சொன்னது, கவரில் காசு, எல்லாம். முழுக்கக் கேட்டாள். நடுவில் குறுக்கே பேசவில்லை.

“அந்தப் பசங்க இப்ப எங்க இருக்காங்க?”

தெரியாது என்றேன். 1992 ஜனவரியிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள், அதில் போயிருக்கலாம். தமிழ்நாட்டிலேயே நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன, அதில் ஒன்றில் இருக்கலாம். அப்பாவிடம் வெளிநாட்டுக்குப் போயிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பது வயது ஆகியிருக்கும்.

“நீங்க தேடினீங்களா?”

அவள் தாத்தா எழுந்து, பஜ்ஜி ஆறிப்போய்விட்டது என்று உள்ளே போனார்.

இல்லை என்றேன்.